எது வரைக்குமுங்க மாஸ்டர்?

எங்கள் கம்பெனியில் அந்த அம்மாவிடம் மட்டும் யாரும் எதையும் அடித்துச் சொல்லிவிட முடியாது. காப்பியைவிட டீதான் உடம்புக்கு நல்லது என்று பேச்சுக்குச் சொன்னால் போதும். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "எது வரைக்குமுங்க?" என்பார். எத்தனை டம்ளர் வரைக்கும் நல்லது, எந்த டம்ளரிலிருந்து கெடுதல் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கிண்டலுக்குக் கேட்கிறவர் இல்லை. தெரியாது என்றால் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குப் பூராவும் டீ இறங்காமல் தவிப்பது நாம்தான்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். கட்டிங் மாஸ்டர். சில வருஷம் முன்பு பல்லடம் ரோட்டில், டீ-ஷர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அந்த அம்மா முதலாளி வீட்டு மருமகள். பிறந்தது பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். படித்துவிட்டு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், கல்யாணமாகி இங்கே வந்ததும் கம்பெனி மாடியில் ஒரு சின்ன அறையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்துவிட்டார். கீழே அயர்னிங் செக்‌ஷன். அதற்கு நேர் மேலே இவர் அறை. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

வந்த புதிதில் ஒரு நாள் கட்டிங் ஹாலுக்கு வந்தார். ரோலிலிருந்து பிரித்துப் போட்ட துணி மேசை மேல் குவிந்து கிடந்தது.

"இது ஏனுங்க மாஸ்டர் சும்மா கெடக்குது?"

"ஓய்வெடுக்குது மேடம். ரோல்ல இழுத்து இழுத்துச் சுத்திருக்கும்லா. பிரிச்சுப் போட்டா தன்னால சுருங்கும். சுருங்குன பொறகுதான் வெட்டணும். அவசரப்பட்டு வெட்டுனா தச்ச பொறகு சுருங்கி, பெரியாளுக்குத் தச்சது சின்னப் பையனுக்குத்தான் ஆகும்."

"எது வரைக்குமுங்க ஓய்வு?"

"ஒரு நாளு."

"எல்லாத் துணிக்குங்களா?"

"எல்லாத்துக்கும்தான்."

நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மறுநாளும் வந்தார், டேப்போடு. ஒவ்வொரு துணியிலும் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்திருந்தார் போல. குனிந்து குனிந்து அளந்தார். லைக்ரா என்கிற இழுபடும் நூல் கலந்த துணி மட்டும் இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது. "லைக்ராவுக்கு ஒரு நாள் பத்தாதுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினைந்து வயசில் கத்தரி பிடித்தவன் நான், நேற்று வந்தவர் எனக்குத் துணி சொல்லித் தருவதா? டேப்பை எடுத்து நானே பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னபடிதான் இருந்தது.

அதோடு விட்டாரா, இல்லை. எங்கள் தொழிலில் துணி வெட்ட இரண்டு வழி உண்டு. கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டலாம். இல்லையென்றால் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்ன் அட்டையை வைத்து, மிஷினை விட்டு மொத்தமாக அறுக்கலாம். அப்படி விரிப்பதை லே போடுவது என்போம். மிஷின் அறுப்பது கண்மூடித் திறப்பதற்குள் முடியும், ஆனால் லே போட நேரம் பிடிக்கும். சாம்பிளுக்குக் கொஞ்சம் பீஸ் கேட்டிருந்தார்கள். நான் கத்தரியோடு நின்றேன்.

"மிஷின்ல போடலீங்களா?"

"கொஞ்சம் பீஸுக்குக் கத்தரிதான் மேடம் வேகம்."

"எது வரைக்குமுங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்பது பீஸ் வரைக்கும் என்னைய மிஷினால முந்த முடியாது."

போனில் நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் ஒரு பக்கம் கத்தரி, என் ஆள் ஒரு பக்கம் லே. தையல் செக்‌ஷனிலிருந்து எட்டிப் பார்க்க ஒரு கூட்டமே வந்துவிட்டது. முப்பதைத் தொடுவதற்கு முன்னால் மிஷின் என்னை முந்திக்கொண்டு போனது. கை தட்டினார்கள், பாவிகள். அன்றைக்குச் சாயங்கால டீயை நான் அவரோடு குடிக்கவில்லை.

அவரே தேடி வந்தார். கையில் இரண்டு தேங்காய் பன்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். என்ற வேலையும் இதுதானுங்க."

"துணி வெட்டுததா?"

"பெருக்கறதுங்க."

சிரித்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குப் பெருக்கத் தெரியாதா, அதற்கு ஒரு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் தன் வேலையைச் சொன்னார். புரோகிராம் எழுதுகிற மொழி ஒன்று. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் வளர்க்கிறார்கள். அந்த மொழியில் எண்ணுக்கு நீள வரம்பு கிடையாது. ஊர் நீளத்துக்கு ஒரு எண்ணை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அத்தனை நீளமான இரண்டு எண்ணைப் பெருக்கச் சொன்னால் முழி பிதுங்கிவிடும்.

"சின்ன எண்ணுன்னா கம்ப்யூட்டர் ஒரே வாயில முழுங்கீருமுங்க. நீளமா இருந்தா, பள்ளிக்கூடத்துல நாம செஞ்ச மாதிரித்தான். ஒவ்வொண்ணாப் பெருக்கி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிக் கூட்டோணும். எண்ணு ரெண்டு மடங்கு நீளமானா வேலை நாலு மடங்கு ஆயிருமுங்க."

"அதுக்கு நீங்க என்ன செய்யுதீங்க?"

பன்னைப் பாதியாகப் பிய்த்தார். "ரெண்டு எண்ணையும் இப்படிப் பாதி பாதியா வெட்டிக்கறதுங்க. பள்ளிக்கூட வழியில போனா நாலு பெருக்கல் வரும். ஒரு உபாயம் இருக்குதுங்க, அதுல மூணே பெருக்கல் போதும். நாலாவதைக் கூட்டிக் கழிச்சே எடுத்துக்கலாம்." பாதியை மறுபடி பாதியாகப் பிய்த்தார். "அந்தப் பாதியவும் இதே மாதிரி வெட்டலாம். வெட்டிக்கிட்டே போலாம்."

"தூளாயிரும்லா?"

அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. "அதேதானுங்க மாஸ்டர். ஒரு அளவுக்குக் கீழ போயிட்டா, கூட்டறதும் கழிக்கறதுமே பெரிய வேலையாப் போயிரும். உங்க லே மாதிரி. அங்க பள்ளிக்கூட வழிதான் வேகம். அந்த இடம் எதுன்னு அளந்து வெக்கறதுதான் என்ற வேலை." வாய்க்கு அடங்கும் அளவில் இருந்த துண்டைப் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு பெரிய எண் யாருக்கு வேண்டும் என்று விடாமல் கேட்டேன். "பாதிப் பேருக்கு வேண்டியதே இல்லீங்க. ஆனா நீங்க போன்ல பணம் அனுப்பறீங்களே, அதுக்குப் பூட்டுப் போடறதே பெரிய பெரிய எண்ணுகளை வெச்சுத்தானுங்க. அது மாதிரி வேலை செய்யறவங்க இந்த மொழியில இப்ப உக்காந்து காத்துக் கெடக்கறாங்க" என்றார்.

அதற்கப்புறம் மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தத் திரையைப் பார்ப்பேன். ஒன்றும் புரியாது. கம்ப்யூட்டர் தானாகக் கண்டபடி எண்களை எடுத்து, பழைய வழியில் ஒரு தடவை, புது வழியில் ஒரு தடவை பெருக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு விடையும் ஒன்றா என்று பார்க்கும். நாள் முழுக்க இதுதான். "அதான் புதுசு சரியா வருதே, பழசைத் தூக்கிக் கடாசுங்க" என்றேன் ஒரு தடவை. "பழசு இல்லீன்னா புதுசு சரின்னு எப்படீங்க தெரியும்?" என்றார். அந்த அறையில் ஃபேன் ஓடினாலும் வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் நிற்பது போலிருக்கும். அவர் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வேலை பார்ப்பார். திருப்பூரில் வெயிலுக்குக் குறைவா என்ன, நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பேட்டர்ன் பிரிண்ட் எடுக்க நான் மாடியில் நின்றபோது முதலாளி வந்தார். அந்த அம்மாவின் மாமனார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, குரல் உயர்த்தவே மாட்டார். நான் நகரப் பார்த்தேன். "நில்லு மாஸ்டர், ரகசியமில்ல" என்றார்.

"கண்ணு, பட்டனு, லேபிளு, அட்டப்பெட்டி எல்லாம் வராந்தாவுல கெடந்து நனையுது. வெக்க எடமில்ல. ஷிப்பிங் பாத்த பொண்ணும் கல்யாணமாகித் தாராபுரம் போயிருச்சு. நீ செய்யற வேலை பெருசுதான், எனக்குப் புரியாட்டியும் பெருசுன்னு தெரியுது. ஆனா இது எது வரைக்கும் கண்ணு?"

அந்தக் கேள்வி திரும்பி அவரிடமே வந்ததைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.

"அந்த மொழியோட அடுத்த வெளியீடு தீவாளிக்கு முன்னால வருதுங்க மாமா. அதுல சேத்தீட்டாங்கன்னா நான் இதையே பாக்கறேனுங்க. சேரலீன்னா ரூம்பைக் காலி பண்ணீட்டு ஷிப்பிங் பாக்கறேனுங்க."

"சரி கண்ணு" என்று முதலாளி இறங்கிப் போனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாரே என்றிருந்தது. சொன்னால் சொன்னபடி நிற்கிறவர் வேறு.

அந்த மொழியை வளர்க்கிறவர்களில் இரண்டு பேர், எங்கேயோ குளிர் நாட்டில் இருப்பவர்கள், அவர் அனுப்பியதைப் பார்த்துச் சரி என்றால்தான் சேரும். கணக்கு சரி, எழுதிய விதம் அழகு என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வழி நின்று புது வழி லாபமாகும் எல்லை என்று இவர் அளந்து சொன்ன இடம் தப்பு, எங்கள் கம்ப்யூட்டரில் அதற்கு ரொம்ப முன்னாடியே புது வழி முந்திவிடுகிறது, உங்கள் அளவை எப்படி நம்புவது என்று எழுதிவிட்டார்கள்.

அன்றைக்கு மதியம் அவர் சாப்பிடவில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். அளவை நம்ப முடியாது என்று அவரைப் பார்த்துச் சொன்னால்?

"அவங்க சொல்லுத எண்ணையே போட்டு அனுப்பிருங்க மேடம். சோலி முடிஞ்சது" என்றேன். சின்ன முதலாளியும், அதாவது அவர் வீட்டுக்காரரும், அதையேதான் சொன்னாராம். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

"அவங்க சொன்னாங்கன்னு போட்டுட்டு, நாளைக்கு ஒருத்தர் ஏன் இந்த இடம்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"அவங்க சொன்னாங்கன்னு சொல்லுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அளந்தார். ஒவ்வொரு தடவையும் அதே இடம்தான் வந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அவசர ஆர்டருக்காக நான் மட்டும் கட்டிங்குக்கு வந்திருந்தேன். அவரும் மாடியில் இருந்தார். பதினோரு மணி வாக்கில் படபடவென்று இறங்கி வந்தார், செருப்புக்கூட இல்லாமல்.

"மாஸ்டர், இன்னைக்கு இங்க என்னங்க இல்ல?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கீங்க? ஞாயித்துக்கிழமை. ஒண்ணுமே கிடையாது. தையல் இல்ல, பேக்கிங் இல்ல, அயர்னிங் இல்ல..."

அவர் அயர்னிங் செக்‌ஷனுக்குள் போய், ஆறிக் கிடந்த மேசை மேல் கையை வைத்தார். நிமிர்ந்து மேல் தளத்தைப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு அவங்க சொன்ன எடமே வருதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. வார நாளில் பாய்லர் ஓடும். வரிசையாக நின்று நீராவிப் பெட்டியால் தேய்ப்பார்கள். அந்தச் சூடு மேல் அறைக்கு ஏறும். கம்ப்யூட்டர் சூடாகச் சூடாக, வெந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இவரோ எப்போதும் பழைய வழியை முதலில் ஓட்டுவார், புது வழியை அடுத்து ஓட்டுவார். பழையது ஓடி முடிவதற்குள் மிஷின் கொதித்துப் போயிருக்கும். பாவம், புதியது எப்போதும் களைத்த மாட்டின் மேல் ஏறித்தான் ஓடியிருக்கிறது.

"எல்லாத்தையும் அளந்தேனுங்க. ரூம்பை அளக்காம விட்டுட்டேன்" என்றார். அழப்போகிறார் என்று பயந்தேன். சிரித்தார்.

அப்புறம் செய்த காரியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சரியான எண் கிடைத்துவிட்டது, காரணமும் தெரிந்துவிட்டது, அனுப்பிவிட்டுப் போக வேண்டியதுதானே? நடந்ததைப் பூராவும் எழுதி அனுப்பினார். என் அறைக்குக் கீழே துணி தேய்க்கிறார்கள், நீங்கள் சொன்னது சரி, என் அளவு தப்பு. அதோடு நிற்காமல், வகுத்தல், பெரிய எண்ணை எழுத்தாக்கிக் காட்டுவது என்று மற்ற வேலைகளுக்கு வைத்த எல்லையும் இதே அறையில் அளந்ததுதான், அவற்றையும் நம்பாதீர்கள், எல்லாவற்றையும் திரும்ப அளந்து தருகிறேன் என்று தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். அளந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்த வெளியீட்டில் அவர் வேலை சேரவில்லை.

"அதையெல்லாம் யாரு மேடம் கேட்டா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கப்படாதா?" என்று கத்தியே விட்டேன். முதலாளி வீட்டு மருமகள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில்லை.

"தெரியாம தப்பா அளந்தது ஒண்ணுங்க மாஸ்டர். தெரிஞ்ச பொறகும் அதையே குடுத்தா?" என்றார்.

தேதி முடிந்த மறு திங்கட்கிழமை காலையில் டிபன் கேரியரோடு நேராக ஷிப்பிங்குக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. துப்பட்டாவை முடிந்துகொண்டு, அட்டைப்பெட்டிகளில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சரிபார்க்க ஆரம்பித்தார். மாடி அறைச் சாவி மேசை மேல் இருந்தது. நான் கட்டிங்கில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை ஓடவில்லை.

முதலாளி வந்தவர் நின்றுவிட்டார்.

"என்ன கண்ணு இங்க?"

"சொன்ன தேதி முடிஞ்சுதுங்க மாமா. சேரலீங்க."

"ஏன் சேரல?"

அவர் சொன்னார். அயர்னிங், சூடு, தப்பான அளவு எல்லாவற்றையும். முதலாளி ஒரு பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வேக்காட்டுல உக்காந்திருக்கற. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே கண்ணு."

"எனக்கு மேல உக்காந்தே இப்படீங்க மாமா. கீழ நின்னு தேய்க்கறவங்களுக்கு?"

முதலாளி அயர்னிங் பக்கம் திரும்பிப் பார்த்தார். பீகார்ப் பையன்கள் பனியனோடு நின்று, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் கடந்து போகிற இடம்தான். அந்த வாரமே அங்கே சுவரை உடைத்துக் காற்றை வெளியே இழுக்கும் பெரிய ஃபேன்கள் வந்தன. ஆனால் அன்றைக்கு அவர் முதலில் செய்தது, மேசை மேலிருந்த சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான்.

"நான் எது வரைக்கும்னு கேட்டேன். நெசந்தான். போதும் நிறுத்துன்னு சொன்னனா? நீயுந்தான் ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் எது வரைக்கும் எது வரைக்கும்னு கேக்கற. கேட்டுட்டு அளந்து பாத்துத்தான சொல்ற? அந்த வேக்காட்டுல உக்காந்து தப்பா அளந்து சொன்ன தேதிய வெச்சுக்கிட்டு நீ எப்படிக் கண்ணு கீழ எறங்குவ?"

அந்த அம்மா கையிலிருந்த ஸ்டிக்கரைப் பெட்டி மேல் வைத்தார்.

"வடக்கால சாம்பிள் ரூம்பு இருக்குது, மரத்து நெழலு. அங்க உன் கம்ப்யூட்டரக் கொண்டு போய் வெய்யி. மாடி ரூம்புல அட்டப்பெட்டிய அடுக்கறேன். பெட்டிக்கு வேக்காது." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஷிப்பிங்குக்கு வேற ஆள் பாக்கறேன். அது வரைக்கும் காலைல கொஞ்ச நேரம் பாரு. அது வரைக்குந்தான்."

துணியை விரிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வெளியீட்டில் சேர்த்தார்கள். கம்ப்யூட்டரை நானும் அவரும்தான் சாம்பிள் அறைக்குத் தூக்கிப் போயிருந்தோம் என்பதால் எனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்த அன்று தேங்காய் பன் அவர் செலவு. அயர்னிங் பையன்களுக்கும் சேர்த்து வாங்கியிருந்தார். கட்டிங் மேசையோரம் நின்று சாப்பிட்டோம். வழக்கம்போலப் பாதியாகப் பிய்த்து, அதைப் பாதியாகப் பிய்த்து, வாய்க்கு அடங்கியதும் நிறுத்தினார்.

"அப்ப இனிமே அந்த மொழியில எவன் எங்க பெருக்குனாலும் உங்க வழிதானா மேடம்?"

"ஆமாங்க மாஸ்டர்."

இத்தனை நாள் காத்திருந்த சமயம் எனக்கு வாய்த்தது. கண்ணாடி இல்லாத மூக்கை விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டேன்.

"எது வரைக்குமுங்க?"

பன்னை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, நிதானத்துக்கு வர நேரமாயிற்று. ஆனால் பதிலை யோசித்துத்தான் சொன்னார்.

"இதைவிட வேகமா ஒருத்தர் கொண்டாந்து போடற வரைக்குமுங்க."

"கொண்டாந்து போட்டா?"

"மொதல்ல அவங்க ரூம்பு எப்படி இருக்குதுன்னு கேப்பனுங்க."